பெண் பார்க்க வந்த அன்று நான் வாய் மூடி நின்றது

நூற்பு மில்லில் வேலை பார்த்தவள் நான். மிசின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்கும். படிப்பு எழுத்துக் கூட்டுகிற அளவுக்குத்தான். என் மகள் அப்படி இல்லை. ராஜபாளையத்திலேயே ஒரு ஆபீசில் டைப் அடித்தாள். அவள் அடித்த கடுதாசியில் ஒரு பிழை இருக்காது என்பார்கள். அதில் அவளைவிட எனக்குத்தான் பெருமை. வேலைக்கு அந்தப் பிழையில்லாத தமிழ் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் அவளும் ஒரே ஆபீஸ், ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போயிருந்தது. பையனோட அப்பா தமிழ் வாத்தியார். அதுதான் அவளுக்குப் பயம்.

"எம்மா, நாளைக்கு நீ மட்டும் பேசாம இரு. அவிய பேசுறதே புஸ்தகம் படிக்கிற மாதிரி இருக்கும். நீ எம்புட்டு அம்புட்டுன்னு ஆரம்பிச்சிராத."

"ஏட்டி, இந்தப் பேச்சுப் பேசித்தான உன்ன வளத்தேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. சரி, வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வந்தவர்களைக் கும்பிட்டேன், சிரித்தேன். கேசரியும் பஜ்ஜியும் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரர் "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்கிறார். ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. வாத்தியார் மழையைப் பற்றி அழகான தமிழில் பேசிக்கொண்டிருந்தார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் தன் வாயால் சாப்பிடச் சொல்லாமல் சம்பந்தம் பேச வந்தவர்கள் கை நனைக்க மாட்டார்கள். அது தெரிந்தும், கொடுத்த வாக்குக்காக நின்றேன்.

கடைசியில் பையனோட அம்மா எழுந்துவிட்டார். "பொண்ணோட அம்மாவுக்கு இஷ்டமில்ல போல. கெளம்புவோம்."

அடுப்படி வாசலில் மகள் முகம் செத்துப்போச்சு. அதற்குப் பிறகு வாக்காவது ஒன்றாவது!

"ஐயோ மதினி! எம்புட்டு ஆசையாச் செஞ்சு வச்சிருக்கேன், இப்படி எந்திரிச்சா எப்படி? எனக்குப் படிச்சவிய மாதிரிப் பேச வராதுன்னு எம் மக வாயத் தச்சுல்லா வச்சிருக்கா! செத்த உக்காருங்க. அண்ணாச்சி, நீங்க கேசரிய எடுங்க. பஜ்ஜி ஆறிப்போச்சு, சூடாப் போட்டுக் கொண்டாரேன்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"நான் கூமாப்பட்டிக்காரி மதினி. கல்யாணமான நாள்லருந்து இவிய எம் பேச்சத் திருத்திக்கிட்டேதான் இருக்காவ. இங்க பொண்ணெடுத்தா நான் வாய் நெறையப் பேச ஒரு ஆள் கெடைக்கும்லா!"

வாத்தியார் கேசரியை ஒரு வாய் வைத்தார். "மிகவும் சுவையாக இருக்கிறது" என்றார். அவருக்கு அப்படித்தான் வரும். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு தட்டு பஜ்ஜி தீரும்வரை மதினியும் நானும் பேசினோம். கிளம்பும்போது அவர் தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி, என் மகள் தலையில் வைத்துவிட்டுத்தான் போனார்.