கிராம்பு எண்ணெயும் ஒரு கேள்வியும்

பூனை டாக்டர் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நான் கால் மணி நேரம் பதில் சொல்லாமல் நின்றேன். பதில் எனக்குத் தெரியும்.

மட்டாஞ்சேரி பஜாரில் எனக்குக் கிராம்பு வியாபாரம். சாக்கிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் அது சக்கை, எனக்கு வேண்டாம். முப்பது வருஷமாக இப்படி அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் நகம் பழுப்பாகிவிட்டது. எங்கள் வீட்டில் பல்வலிக்கும் கிராம்பு எண்ணெய், தலைவலிக்கும் கிராம்பு எண்ணெய், அலமாரியில் எறும்பு வந்தால் அதற்கும் அதுதான். யாராவது மாத்திரை என்று வாயைத் திறந்தால் நான் சண்டைக்குப் போவேன். சட்டை, துண்டு, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். எங்கள் மூக்குக்கு அது தெரிவதே இல்லை.

பூனை என் மனைவியுடையது. சரக்கு அடுக்கும் எங்கள் கோடவுனில் குட்டி போட்ட தாய்ப்பூனை மறுநாளே லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மூட்டைகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டி ஒன்று கத்திக்கொண்டு கிடந்தது. அந்த வயதுக் குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாதாம். தாய் நக்கிவிட்டால்தான் போகுமாம். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? என் மனைவி ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிக்கொடுத்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் மருந்து விடும் பில்லரில் பால் ஊட்டி, குட்டியைப் பிழைக்க வைத்தாள். வளர வளர வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று நிறம் தெளிந்தது. மூன்று நிறமும் சேர்ந்து வந்தால் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும், ஆண் அபூர்வம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. பர்ஷியன் பூனை வளர்க்கும் எதிர்வீட்டுக்காரி, "இது எந்த ஜாதி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கோடவுன் ஜாதி. அசல்" என்றாள் என் மனைவி.

பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். என் மனைவி ஒரு நாளில் என்னோடு பேசுவதைவிடப் பூனையோடு பேசுவதுதான் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

போன மழைக்காலத்தில் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பற்றியது. சொறிந்து சொறிந்து கழுத்தில் ரோமம் கொட்டிவிட்டது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள் மனைவி.

"தெள்ளுக்கு டாக்டரா? நம்ம எண்ணெய் ரெண்டு சொட்டு போதுமே."

"தாளிக்கிற சாமானை எல்லாம் அவ மேல கொட்டாதீங்க. திங்கக்கிழமை நானே கொண்டுபோறேன். அதுவரைக்கும் அவளைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பஜாரே என்னைக் கேட்டுத்தான் சரக்கு வாங்குகிறது, இவளுக்கு என் எண்ணெய் தாளிக்கிற சாமானா? ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பூனையை மடியில் போட்டுக்கொண்டேன். கழுத்திலிருந்து வால்வரை தேய்த்தேன். இரண்டு சொட்டு என்று சொன்னது வாய்தான், கை தாராளமாக ஊற்றியது. பூனை திமிறிக் குதித்து ஓடி, ஜன்னலோரம் உட்கார்ந்து உடம்பை நக்க ஆரம்பித்தது. பூனை என்றால் நக்கத்தானே செய்யும் என்று நான் சாயா போட எழுந்தேன்.

மனைவி திரும்பி வந்தபோது பூனை கட்டிலுக்கு அடியில் இருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கூப்பிட்டதும் எழுந்தது, பின்னங்கால் இரண்டும் ஒருபக்கமாகச் சரிந்தன.

"ஐயோ, இவளுக்கு என்னாச்சு? என்ன தின்னா?"

"தெரியலையே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு நான் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் மிருக ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், தேவரா என்ற இடத்தில்தான் இருந்தது. தோப்பும்படி பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மனைவியின் மடியில், துண்டுக்குள் பூனை விட்டு விட்டு நடுங்கியது. "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. டாக்டர் பார்த்தால் தானாகத் தெரிந்துவிடும், நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று இன்னொரு பக்கம் சமாதானம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையை மேஜையில் கிடத்திக் கண் இமையை விரித்துப் பார்த்தாள். உடம்புச் சூடு இறங்கியிருக்கிறது என்றாள்.

"சேட்டா, மேலே எந்தெங்கிலும் தேச்சோ?"

பூனை மேல் ஏதாவது தேய்த்தீர்களா என்று அவள் மலையாளத்தில் கேட்டது என்னைப் பார்த்துத்தான். நான் வாயைத் திறந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் மூடிக்கொண்டேன்.

"ஒண்ணும் தேய்க்கல டாக்டர்" என்று அவளே சொன்னாள்.

டாக்டர் குனிந்து மோந்து பார்த்தாள். "கிராம்பு மணம் வருதே?"

"அது எங்க மேல எப்பவும் வர்றதுதான். கிராம்புக் கடை வச்சிருக்கோம்" என்றாள் மனைவி, சங்கோஜமாகச் சிரித்துக்கொண்டு.

டாக்டரும் என் சட்டைப் பக்கம் மூக்கைத் திருப்பிவிட்டு, சரி என்று தலையாட்டினாள். கோடவுனில் எலி விஷம் வைக்கிறீர்களா என்று அடுத்ததாகக் கேட்டாள். "பக்கத்து கோடவுன்ல வைப்பாங்க" என்றேன். கூசாமல் சொன்னேன். விஷம் தின்ற எலியைப் பூனை தின்றிருக்கலாம் என்று டாக்டர் ஊசி போட்டாள், ரத்தம் எடுத்தாள். இல்லாத எலிக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. என் எண்ணெய் பூனையின் தோலில் அப்படியே ஊறிக்கொண்டிருந்தது.

அப்போது பூனை தலையைத் தூக்கியது. கழுத்து நிற்காமல் ஆடியது. ஆடிக்கொண்டே மெல்லத் திரும்பி, தன் முதுகை ஒரு தரம் நக்கியது. நாக்கு சரியாகப் படவில்லை. திரும்பவும் நக்கியது. சாகக் கிடக்கிற நேரத்திலும் உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். நான் தேய்த்ததைத்தான் இன்னும் தின்றுகொண்டிருக்கிறாள்.

"நிறுத்துங்க! நக்க விடாதீங்க!" என்று கத்திவிட்டேன். "கிராம்பு எண்ணெய். நான்தான் தேய்ச்சேன். உடம்பு முழுக்க."

டாக்டர் ஊசியைக் கீழே போட்டாள். "என்ன சேட்டா இது? பூச்சையோட ஈரலுக்கு அதை உடைக்கத் தெரியாது! நமக்கு மருந்து, அதுக்கு விஷம். முதல்லயே பறையண்டே, சொல்ல வேண்டாமா?" பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் வந்தன. எண்ணெய் போகிறவரை கழுவ வேண்டும். நான் பிடிக்கக் கை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க. உங்க கையிலே இப்பவும் எண்ணெய் உண்டு" என்றாள் டாக்டர்.

மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனையின் முதுகில் நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வலது கையை மோந்து பார்த்தேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த வாசனை குமட்டியது.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. மூன்று நாளும் மனைவி காலையில் தேவராவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பினாள். எனக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்காம் நாள் பூனை தானாகத் தண்ணீர் குடித்தது. ஊசி குத்தச் சிரைத்த முன்னங்காலோடு வீட்டுக்கு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கேட்டாள்.

"எண்ணெய் தேய்ச்சதைக்கூட விடுங்க. டாக்டர் கேட்டாங்களே, அப்பவே ஏன் சொல்லல?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "நீ பக்கத்துல நின்னே, அதான்" என்றேன்.

அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் பூனைக்குத் தடுப்பூசி. இரண்டு பேருமாகத் தேவராவுக்குப் போனோம். டாக்டர் கூப்பிட்டதும் மனைவி கூடையை என் கையில் கொடுத்தாள். நான் விழித்தேன்.

"நீங்க உள்ள போங்க" என்றாள். "நான் வெளிய நிக்கிறேன். அவங்க கேக்கறதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்க."