வட்டத்தில் விடுபட்ட பெயர்

அன்புள்ள உறவினர்களுக்கும் அப்பாவின் சங்கத் தோழர்களுக்கும்,

அப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வருகிறவர்கள் கையோடு எடுத்துப்போக ஒரு மலர் போடலாம், அப்பாவின் வாழ்க்கையை நாலு பக்கத்தில் எழுதிக் கொடு என்று தம்பி சொன்னான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்துகிறவள் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. நல்லவர், வல்லவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று எழுதி முடித்திருக்கலாம். அப்பா எறும்புக்குத் தாராளமாகத் தீங்கு நினைத்தவர். சீனி டப்பாவைச் சுற்றி மண்ணெண்ணெய்த் துணி போட்டு வைத்தவர். அது போகட்டும். அவரைப் பற்றி உங்களில் சிலர் மனத்தில் ஒரு கறை தங்கியிருக்கிறது. அது என்னால் வந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தார். அவருடைய பெற்றோர் இருவரும் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். அப்பாவுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போனார். புதிய முதலாளிகள் மரம் வெட்டும் வேலையை ஒரு கான்ட்ராக்ட்காரரிடம் விட்டார்கள். அதே மரம், அதே கத்தி, அதே ஆட்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் மருந்துக்கும், மழை பெய்தால் கூரைக்கும் இனி யாரும் பொறுப்பில்லை. கான்ட்ராக்ட்காரரின் ஆள் ஒரு தாளை நீட்டினார். வேலைக்குச் சேரும் தாள் என்று நினைத்து அப்பாவின் தந்தை பெருவிரல் வைத்தார். லயத்து வீட்டைக் காலி செய்து தருகிறோம் என்பதும் அதே தாளில் இருந்தது.

அன்றிலிருந்து அப்பா வாசிக்காத தாளில் கையெழுத்துப் போட்டதே இல்லை. படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் என் தேர்ச்சி அறிக்கையை முன்பக்கம், பின்பக்கம், கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். கணக்கில் சிவப்பு மை இருந்த வருடங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பதினெட்டு வயதில் ரயில்வேயில் தண்டவாளத் தொழிலாளியாகச் சேர்ந்தார். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருவது வேலை. தளர்ந்த ஆணியை அடித்து இறுக்க வேண்டும், உளுத்த கட்டையைக் குறித்து வைக்க வேண்டும். பாரிட் புந்தாரிலிருந்து அம்மாவைக் கல்யாணம் முடித்து வந்து, ஈப்போவில் சிலிபின் பக்கத்து ரயில்வே வீட்டில் குடித்தனம் வைத்தார். வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது ரயில் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். நடுவில் நாங்கள் நழுவிப் போயிருந்தாலும் தொடருவார்.

எழுபதுகளில் ரயில்வே தொழிற்சங்கக் கிளைக்கு அப்பா செயலாளர் ஆனார். மழைச் சட்டையும் குடிக்கத் தண்ணீர்க் குழாயும் கேட்டு ஒரு மனு போனது. முதல் பெயர் அப்பாவுடையது. குழாய் வருவதற்கு முன்பே மாற்றல் கடிதம் வந்துவிட்டது. கிளந்தான் பக்கத்துக் காட்டுப் பாதைக்கு இரண்டு வருடம். அங்கே அவருக்கு வீடு என்பது ஓரமாகத் தள்ளி நிறுத்திய ஒரு பழைய ரயில் பெட்டி. அந்தச் சமயத்தில்தான் தம்பி பிறந்தான். பிரசவத்தின்போது அம்மாவுக்குத் துணை பக்கத்து வீட்டு அக்காவும் நானும்தான். மூன்றாம் மாதம் அப்பா வந்து தூக்கியபோது, தம்பி அவர் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதான். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ துக்கார் வந்தா நான் தாங்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் அம்மா. மாற்றலுக்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல். அம்மா அதைச் சொல்லும்போது நானும் நடுங்குவேன்.

எண்பதுகளில் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. எங்கள் பகுதியில் அது இன்னும் கிட்டத்தில் வந்தது. தண்டவாள வேலையைக் கான்ட்ராக்ட்டுக்கு விடப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே சங்கச் சட்டங்களை இறுக்கியிருந்தார்கள். வேலைநிறுத்தம் என்று வாய் திறப்பதற்குள் தாண்ட வேண்டிய வேலிகள் கூடிப்போயிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள்.

"நாளைக்கு தனியாருக்குக் குடுத்து சுவாஸ்தா ஆக்கிட்டா நம்ம யாரு? ரயில்வே ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. "தோட்டத்துல எங்கப்பாவுக்கு நடந்ததுதான் இங்கயும் நடக்கும். கையக் கட்டிப்புட்டாங்க. விரலு இருக்கில்ல, மனு போடுவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் முதல் பெயர் யார் போடுவது என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அர்ஜுனன் மாமாதான் வழி சொன்னார். அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், உறவில்லாத மாமா. "வரிசையா போட்டாத்தான மொத ஆளு, கடைசி ஆளு? வட்டமா போடுவோம் லா. எங்க ஆரம்பிச்சுச்சுன்னு எவனும் கண்டுபுடிக்க முடியாது." அம்மா வடை வைத்திருந்த நீல விளிம்பு மங்குத் தட்டை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு வடையையும் தின்று தீர்த்து, வேட்டியில் துடைத்து, தாள் மேல் கவிழ்த்து வட்டம் போட்டார்.

வட்டத்தைச் சுற்றிக் குடைக்கம்பிபோல் பெயர்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. அப்போது நான் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. என் கையெழுத்தில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த தம்பியின் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் அப்பாவின் பெயரை விட்டுவிட்டேன்.

தெரியாமல் விட்டதில்லை. இடைவெளி தெரியாதபடி மற்றப் பெயர்களைச் சற்றே நகர்த்தி எழுதி வட்டத்தை மூடினேன். வரிசையாக எழுதியிருந்தால் செயலாளர் இல்லாதது முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். வட்டத்தில் யார் இருக்கிறார் என்று தெரியும், யார் இல்லை என்று தெரியாது. என் கையெழுத்து என்பதால் அப்பா அந்த ஒரு தாளை மட்டும் வாசிக்காமல் மடித்து மாமாவிடம் கொடுத்தார்.

மாமா தாப்பா வரை போய் ஆட்களிடம் அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கினார். பிறகு வடக்கே பாரிட் புந்தாருக்குப் போய் வாங்கினார். தமிழில் சிலர், மலாயில் சிலர், வயதில் மூத்த மலாய்த் தோழர் பாக் உசேன் அரபு வடிவ ஜாவி எழுத்தில், எழுதத் தெரியாதவர்கள் பெருவிரலால். அங்கிருந்தே கோலாலம்பூர் ரயில் ஏறி, மேலதிகாரியிடம் மனுவைக் கொடுப்பதாக ஏற்பாடு. அப்பா ஈப்போ நிலையத்தில் காத்திருந்து கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டும். "எல்லாரும் போட்ட பெறகு நான் போடுறேன். நான் மொதல்ல போட்டா, எனக்காகப் போட்டேன்னு எவனாச்சும் சொல்லுவான்" என்று அவரே சொல்லியிருந்தார்.

ரயில் வந்தது. மாமா கதவருகே நின்று தாளை நீட்டினார். அப்பா பேனாவைத் திறந்துகொண்டு தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். விசில் ஊதியது. தாளை மாமாவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோலாலம்பூரில் அதிகாரி அந்த வட்டத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துச் சிரித்தாராம். உங்கள் கிளைச் செயலாளருக்கே இதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறதே என்று கேட்டாராம். அவமானம் முழுக்க அர்ஜுனன் மாமாவின் மேல் விழுந்தது.

மறுநாள் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"பேனாவக் கையில வச்சிருந்த, மச்சான். நான் பாத்தேன். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாத. ஆளுங்களுக்கு மேல மண்டோர் வேல தாரேன்னு சொன்னாங்களா?"

"தப்பு என்னுது, அர்ஜுனா. வேற கேக்காத" என்றார் அப்பா.

மாமா போய்விட்டார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நான் கரண்டியும் கையுமாக நின்றேன். நாலு அடி எடுத்து வைத்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அப்பா எல்லார் முன்பும், "தப்பு என்னுது" என்றார். காரணம் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, உச்சியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வட்டமெல்லாம் வேணாம். மேல நான் இருக்கேன். விருப்பம் உள்ளவங்க கீழ போடுங்க." யாரும் அசையவில்லை. பிறகு பாக் உசேன் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அர்ஜுனன் மாமா வரவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

புதிய மனு போனது. மாற்றல் கடிதமும் தவறாமல் வந்தது, அதே கிளந்தான். அம்மா கடிதத்தைப் பார்த்து அழுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினார். "இந்த தடவ நானும் வாரேன். புள்ளய அவன் அக்காகாரி பாத்துக்குவா" என்றார். எதற்குப் பயந்து நான் அவ்வளவும் செய்தேனோ, அதை அம்மா ஒரு பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அப்பா ஓய்வு பெறும் வரை எங்கள் பகுதித் தண்டவாள ஆட்கள் ரயில்வே ஆட்களாகவே இருந்தார்கள். மனுவால்தான் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. தனியார்மயப் பேச்சு இன்றும் ஓயவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் நெஞ்சுவலி வந்தது. ஈப்போ மருத்துவமனையில் சேர்த்தோம். காலை வெளிச்சத்தில் கட்டிலருகே உட்கார்ந்து சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுலயாச்சும் எம்பேர எழுதிடு தாயி."

என் பேனா நின்றுவிட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே தெரியுமாப்பா?"

"ஒன் எழுத்த எனக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கு நடுவுல எவ்வளவு எடம் விடுவேன்னு தெரியாதா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வட்டத்துக்கு உள்ளாற எம்மாம் எடம் கெடந்துச்சு. நான் போட்டிருக்கலாம்லா. அம்மா மொகம் வந்துச்சு, கை வரல. நீ விட்டது பேருதான். கையெழுத்த விட்டது நான்."

அந்தப் படிவம் என் கண்ணீரில் நனைந்துவிட்டதால், தாதி வேறு படிவம் கொண்டுவந்தார். நாலாம் நாள் அப்பா போய்விட்டார்.

அர்ஜுனன் மாமா, இறுதிச் சடங்கின்போது நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றதைப் பார்த்தேன். தூக்குவதற்கு முன்பே போய்விட்டீர்கள். நீங்கள் கண்ணால் கண்டது உண்மை. பேனா அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை. மகள் செய்ததைப் பார்த்து அவர் கை ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தைத் தன் தப்பு என்று சொல்லி, என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், உங்களையே இழந்துவிட்டுப் போனார். உங்களிடமும் சங்கத்தாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "போடு" என்றார்.

அப்பாவைக் கடைசி நாட்களில் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாதபோது சோறாக்கிக் கொண்டுவந்த சிலிபின் அண்டை வீட்டாருக்கும், பாடை சுமந்த தோழர்களுக்கும், தள்ளாத வயதிலும் சுடுகாடு வரை நடந்து வந்த பாக் உசேனுக்கும், அம்மாவுக்கு இன்றும் துணையாக இருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் பெயர்களைப் பின்னட்டையில் எழுதியிருக்கிறேன். அதே தட்டைக் கவிழ்த்து, அதே வட்டம். மாமா, உங்கள் பெயரும் இருக்கிறது. யார் முதல், யார் கடைசி என்று தேட வேண்டாம். அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இந்த முறை அதைத்தான் முதலில் எழுதினேன்.