ங்க போடாமல் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினோம். நானும் என் மனைவி செல்வியும்தான். கண்டக்டர் எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார், பதினைந்து ரூபாய். "அம்மணிக்கு இலவசமுங்க. உங்களுக்குத்தான் செலவு" என்று சிரித்தார்.

என் மகளின் பள்ளி மலரில் பெற்றோர் யாராவது போய்வந்த பயணத்தை எழுத வேண்டுமாம். நான் எட்டாவது படித்தவன், பம்பு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

ஏழு மணிக்குள் காந்திபுரம். அங்கே ஆளுக்கு இரண்டு இட்லி தின்றுவிட்டு ஈரோடு பஸ்ஸைப் பிடித்தோம். பெருந்துறை வரை ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். அவிநாசி தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா செல்வியிடம் கேட்டார்: "எந்தூருங்க கண்ணு?"

"பெரியநாயக்கன்பாளையமுங்க."

"இந்தப் பக்கம் எங்கீங்க?"

"இவிய ஊருக்குங்க" என்று என்னைக் காட்டினாள்.

இவிய ஊர் என்றது என் சொந்த ஊரான வேலங்காட்டுப்புதூரை. கல்யாணமாகிப் பதினைந்து வருசமாகியும் அவள் அதை எங்க ஊர் என்று சொன்னதில்லை. அவள் மேலும் தப்பில்லை. நோம்பிக்கு நோம்பி வந்துபோகும் டவுன்காரி என்று ஊரே அவளை "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டுத்தான் வைத்திருந்தது.

நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. மாரியம்மன் நோம்பி இரண்டு வருசமாக நின்றுபோயிருந்தது. ஊரில் மேற்கு வளவு, கிழக்கு வளவு என்று இரண்டு பகுதி. எந்த வளவு மாவிளக்கு முதலில் அம்மன் முன்னால் போவது என்று ஆம்பளைகள் சண்டை போட்டுக் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். இந்த வருசம் தாய்மார்கள் கூடிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அம்மன் தோளில் பூ வைத்துச் சம்மதம் கேட்பது, அவள் சரியென்றால் நோம்பி சாட்டுவது, அதாவது ஊருக்கு அறிவிப்பது என்று முடிவு. கேட்க வேண்டிய ஆள் செல்வி.

"எதுக்குக் கூப்புடறாங்கன்னு தெரியுமுங்க" என்றாள் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி. "ரெண்டு வளவுலயும் சேராத அசலூர்க்காரி நாந்தானுங்க. பூ மாறி விழுந்துட்டா என்னாலதான் நோம்பி நின்னுச்சும்பாங்க."

தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

ஒன்பதரைக்குப் பெருந்துறை. மினி பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர், பத்து ரூபாய். கோயில் வாசலில், தாய்மார்களைக் கூட்டிய ராசாத்தியக்கா நின்றிருந்தார். தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது.

"வாங்க அம்மணி, காப்பி குடிச்சுப்போட்டு வாங்க" என்றார். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலியும் வந்தது.

பத்தரைக்கு மண்டபம் நிறையத் தாய்மார்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசிமாவு கொண்டுவந்திருந்தார்கள். ஆம்பளைகள் வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு கூட்டமாக நின்றோம். ராசாத்தியக்கா ஒரு பெரிய அண்டாவை நடுவில் வைத்து, எல்லா வீட்டு மாவையும் அதில் கொட்டச் சொன்னார். வெல்லம் போட்டு எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து பிசைந்தார்கள்.

மேற்கு வளவு மாமா ஒருவர் படியேறி வந்தார். "ஏனுங்க ராசாத்தி, இதுல எங்க மாவு எதுங்க?"

"இந்தாங்க மாமா" என்று அண்டாவை அவர் பக்கம் நகர்த்தினார் ராசாத்தியக்கா. "பிரிச்சு எடுத்துக்கோங்க. சல்லடை வேணுமுங்களா?"

உள்ளே சிரிப்பு வெடித்தது. வேப்பமரத்தடியிலும் சிரித்தார்கள், இரண்டு கூட்டத்திலும்! மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரே ஒரு மாவிளக்கு, பெரிய விளக்கு. யாருடையது முதலில் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வருசம் நாங்கள் பேசித் தீராததை அவர்கள் அரைமணி நேரத்தில் பிசைந்து முடித்துவிட்டார்கள்.

பதினொன்றேகாலுக்குப் பூசாரி அம்மனின் வலத்தோளில் வெள்ளைப்பூவும் இடத்தோளில் செவ்வரளியும் வைத்தார். வெள்ளை விழுந்தால் சம்மதம், சிவப்பு விழுந்தால் இந்த வருசமும் இல்லை. காற்றுப் படாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தினார்கள். செல்வி முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"அம்மா, நோம்பி சாட்டலாமுங்களா? உத்தரவு குடுங்க."

பூ அசையவில்லை. பத்து நிமிடம் போனது. மறுபடி கேட்டாள். "தயவு பண்ணுங்கம்மா." இருபது நிமிடம். செல்வியின் கழுத்தில் வேர்வை இறங்குவது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. வெளியே முணுமுணுப்பு கிளம்பியது.

ராசாத்தியக்கா எழுந்துபோய் அவள் முதுகில் கை வைத்தார். "ஏனுங்க அம்மணி, அம்மனுக்குப் போயி யாராச்சும் ங்க போடுவாங்களா? அவ என்ன தாசில்தாரா? பெத்தவகிட்டக் கேக்கற மாதிரிக் கேளுங்க."

எங்கள் பக்கத்தில் எதிரே வரும் எவரிடமும் மரியாதைக்கு ங்க போட்டுத்தான் பேசுவோம். ஆனால் அம்மனுக்குப் போடமாட்டோம். செல்வி அது தெரியாதவள் இல்லை. பயத்தில் வாய் மாறிவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு அம்மனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, ரெண்டு வருசமா இருட்டுல உக்காந்திருக்கறயே, உனக்கே நல்லாருக்கா? அத்தன ஊட்டுக்காரியும் ஒரே மாவாப் பெசஞ்சு கொண்டாந்திருக்கறோம். நீ சொன்னாத்தான் இங்கிருந்து எந்திரிப்போம். சொல்லு."

வெள்ளைப்பூ சரிந்து, அம்மன் மடியில் விழுந்தது.

குலவை கிளம்பியது. பறை எடுத்தவர்களில் இரண்டு வளவு ஆட்களும் இருந்தார்கள். எவன் முதல் அடி அடித்தான் என்று யாரும் பார்க்கவில்லை. நான் பூவைப் பார்க்கவில்லை பிள்ளைகளே, செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மார்பு அன்றைக்கு இரண்டு அங்குலம் விரிந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கு மினி பஸ் வந்தது. செல்வி ஏறியதும் ராசாத்தியக்கா ஜன்னல் ஓரமாக ஓடிவந்தார்.

"அடியே செல்வி! சாட்டுக்கு வந்துட்டு நோம்பிக்கு வராம இருந்துபோடாத. மாவு பெசைய ஆளு வேணும். முந்துன நாளே வந்து சேரு!"

"வாரேனுங்கக்கா" என்றாள் செல்வி. பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கவனிச்சீங்களா, அக்கா எனக்கு ங்க போடவே இல்லீங்க" என்றாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பதினைந்து வருசமாக ஒரே வீதியில் இருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் எனக்கு ங்க போடுகிறார், நானும் போடுகிறேன். அது மரியாதைதான். ஆனால் அதை எடுத்துவிட்டுக் கூப்பிட ஒரு ஊர் வேண்டும்.

பெருந்துறையிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தார். செல்வியின் தலையில் இருந்த வெள்ளைப்பூவைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா? எந்தூருங்க நீங்க?" என்றார்.

செல்வி யோசிக்கவேயில்லை.

"வேலங்காட்டுப்புதூருங்க" என்றாள்.