குச்சியாய் நின்ற கோழிக்கொண்டை

நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ விவசாயி ஆண்டிச்சாமிக்குக் கை நீளும் முன்னே வாய் நீண்டுவிடும். நல்ல உழைப்பாளிதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அது ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டது.

1962இல் அடுத்த தோட்டத்து ராமுத்தாயிடம் கோழிக்கொண்டை விதை வாங்கி விதைத்தான். புருஷனை இழந்த அவள் விதை விற்றுத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். கோழிக்கொண்டை என்றால் பூ அகலமாக மடிந்து மடிந்து நிற்க வேண்டும். மாலை கட்டுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். இவன் தோட்டத்திலோ பாதிக்கு மேல் குச்சி குச்சியாக நின்றது. விடுவானா? பூச்சந்தையில் அத்தனை பேர் நடுவில், கண்ட விதையையும் கலந்து ஏமாற்றுகிறாள் என்று அவளைக் கிழி கிழியென்று கிழித்தான். அதற்குப் பிறகு அவளிடம் ஒருவரும் விதை வாங்கவில்லை.

மறு வருஷம் காந்திகிராமத்திலிருந்து செடி நோய் பார்க்க வந்த பாக்கியராஜிடம் இந்தக் கதையைப் பெருமையாகவே சொன்னான். அவர் சிரிக்கவில்லை. செடியின் நுனிக் குருத்தில் கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும் என்றார். எங்கே பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது விதைவழி வருகிற குணம். கோழிக்கொண்டையில் அந்தக் கடிவாளம் தளர்ந்து போனதால்தான் நுனி பக்கவாட்டில் பெருகி விசிறியாகிறது. அதே இனத்தில் விரியாமல் குச்சியாகவே பூக்கிற குச்சிப்பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிட்டால், பிறக்கிற விதையில் கடிவாளமும் திரும்ப வந்துவிடும்.

"அந்தம்மா தோட்டத்துக்குப் பக்கத்துல யாராச்சும் குச்சிப்பூ போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

ஆண்டிச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. விதை வாங்கியதற்கு முந்தின வருஷம், பார்க்க அழகாக இருக்கிறதென்று அவள் தோட்டத்தை ஒட்டிய வரப்பு நெடுகக் குச்சிப்பூ போட்டவன் அவனேதான். அட பாவி மனுஷா!

அன்றைக்கே போய் அவள் வாசலில் நின்றான். களையெடுக்கக் கூலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி, தப்பு தன்னுடையதுதான் என்றான்.

"சந்தையில சொன்னத வீட்டுல வந்து அழிச்சா அழிஞ்சிருமாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

மறுநாள் சந்தைக்குப் போனான். வெட்கம் பிடுங்கித் தின்ன, ராமுத்தாய் விதையில் குறையில்லை, குற்றம் தன் வரப்பில்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான். பூ நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி மூக்கையா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ராமுத்தாய், அப்பு? கலப்படக்காரியா?"

சந்தையில் அவளுக்கு வேறு அடையாளமே இல்லாமல் போயிருந்தது. ஆண்டிச்சாமி, "ஆமா" என்றான்.