சீட்டு எடுத்தவர்கள்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் அந்தக் குப்பத்தில், விடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பது சாமுண்டீஸ்வரி அக்காவின் வழக்கம். அவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அவருடைய வீட்டுக்காரர் பொன்னுரங்கத்துக்குச் சிறுநீரகத்தில் கல். ஒருமுறை அறுத்து எடுத்தாயிற்று. இனி உப்புத் தண்ணீர் கூடவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கு நிம்மதி கிடையாது.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இறால் விற்பவர். மகளிர் குழுவின் தலைவி. கோபம் வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார். நான் அந்தப் பக்கத்து அனுப்பம்பட்டு ஊர்க்காரன். இங்கிலீஷ் தெரியும் என்பதால், வெளிநாட்டு ஆட்கள் வரும்போதெல்லாம் தொண்டு நிறுவனத்து மோகன்குமார் எனக்குப் போன் போடுவார். இந்தக் கதையில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் குப்பத்துக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறுதான். அம்மன் கோயில் பக்கத்தில் மணலைத் தோண்டி இறக்கிய உறைகிணறு. நிதானமாக இறைத்தால் தண்ணீர் நன்றாக இருக்கும். அடித்து இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாட்டுக்காரர்கள் வந்து, அதன் மேல் சுத்திகரிப்பு மெஷின் வைத்து, வாசலில் நீலப் பலகை மாட்டினார்கள். மெஷின் பழுதானபோது மோகன்குமார் எட்டுக் கடிதம் போட்டார். திட்ட காலம் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அப்புறம் வேறொரு நாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் பலகை சிவப்பு. புது மெஷினே தருகிறோம் என்றார்கள். அந்தச் செய்தி எப்படிப் போயிற்றோ, எட்டுக் கடிதத்துக்கு அசையாத நீலக்காரர்கள் பத்தே நாளில் நாங்களும் புதிது தருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். இந்தக் கடலோரத்தில் யார் கால் ஊன்றுவது என்று இரண்டு பேருக்கும் போட்டி என்றார் மோகன்குமார். தாகம் யாருடையது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

குப்பமே குதூகலித்தது. அக்கா மட்டும் அதில் சேரவில்லை. "ரெண்டு மிசினு வெச்சா கெணறு இன்னாத்துக்கு ஆவும் சார்? மிசினா தண்ணி சுரக்குது?" என்றார்.

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பழவேற்காட்டில் ஏரியில் வலை கட்டுவதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை போட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் சீட்டுப் போட்டு இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று பிரித்துக்கொள்வார்கள். சீட்டைக் கையில் எடுத்தவன் வாக்குக் கொடுத்தவன். எழுத்தும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அது ஆண்கள் சமாச்சாரம். அக்கா அதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார்.

இரண்டு நாட்டு அதிகாரிகளில் ஒருவர் வரும் நாள் தெரிந்து மற்றவரும் அதே நாளில் வந்து இறங்கினார். நீலக்காரர் உயரமான மனிதர். சிவப்புக்காரர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் முன்னால் கூட்டம் கூடியது. அக்கா ஒரு சொம்பில் இரண்டு சீட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு நாளு அவுரு மிசினு, மறுநாளு இந்தம்மா மிசினு. ரெண்டும் ஒண்ணா ஓடக்கூடாது. சீட்டு எடுத்துட்டா பேச்சு மாறக்கூடாதுன்னு சொல்லு சார்."

நான் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரும் முகம் கோணிக் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்தேன். கிளம்பிவிட்டால் எனக்கும் அடுத்த வேலை கிடைக்காது. "இது இந்த ஊர் வரவேற்புச் சடங்கு, ஆளுக்கொரு சீட்டு எடுங்கள்" என்று மொழிபெயர்த்தேன். எடுத்தார்கள். கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி சீட்டை ஞாபகார்த்தமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அக்காவின் முகம் தெளிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு மெஷினும் வந்தன. கோயிலுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு, கிணற்றில் இரண்டு குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர். தினமும் எத்தனை லிட்டர் என்று அது அவரவர் தலைநகரத்துக்குச் சொல்லிவிடும். நீலம் நாலாயிரம் காட்டினால் சிவப்பு ஐயாயிரம் காட்ட வேண்டும். மறுவாரம் நீலம் ஆறாயிரம். மெஷினை ஓட்ட அவரவர் ஆள் வைத்திருந்தார்கள். சீட்டு முறை பாராமல் இரண்டும் தினமும் ஓடின. பிடிக்கக் குடம் இல்லாமல் தொட்டி நிரம்பி, நல்ல தண்ணீர் மணலில் வழிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள், நீலத்தின் முறை அன்று, சிவப்பு மெஷினை அவரே போய் நிறுத்தினார். ஒரு மணி நேரத்தில் சிவப்புக்காரர்களிடமிருந்து மோகன்குமாருக்குப் போன் வந்தது. அவர் என்னை அழைத்துக்கொண்டு பைக்கில் பறந்தார்.

"வாக்கு குடுத்தாங்களே சார், சீட்டு எடுத்தாங்களே!" என்றார் அக்கா. கூடை கீழே இருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். நான்கு வார்த்தை திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"இப்ப சொல்லு."

அங்கேயே நின்று இரண்டு பேருக்கும் எழுதினேன். ஒன்றுவிடாமல், என் தப்பையும் சேர்த்து எழுதினேன். இரண்டு பதிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தன. உங்கள் மரபை மதிக்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் நிறுத்தட்டும்.

யாரும் நிறுத்தவில்லை. அக்கா தினமும் விடியலில் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் போன் செய்து "இன்னிக்கி பரவால்ல" என்பார். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் போன் வரும்வரை எனக்கும் காபி இறங்காது.

சித்திரை பிறந்து மூன்றாம் வாரம் ஒரு நாள் போன் வரவில்லை. நானே போனேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். சொம்பை என்னிடம் நீட்டினார். ஒரு வாய்தான் குடித்தேன். உப்பு தொண்டையைப் பிடித்தது. இரண்டு மெஷினும் அந்த உப்பைத் தாங்காமல் நின்றுபோயிருந்தன.

எதிரே அக்கா வீட்டு வாசலில் பொன்னுரங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். "நேத்து ராவே கரிச்சிது. இவ பயந்துக்குவான்னு சொல்லல" என்றார்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. நீலக்காரர். மீட்டர் நின்றதைப் பார்த்திருக்கிறார். கிணறு உப்பாகிவிட்டது என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னாவாம்?" என்றார் அக்கா.

இந்தமுறை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னேன். "சிவப்புக்காரங்க மெஷினும் நின்னுடுச்சான்னு கேக்கறாருக்கா."

அக்கா எழுந்து, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். லாரித் தண்ணீருக்கு மெயின் ரோடு வரை போக வேண்டும்.

"ஆமான்னு சொல்லு. சந்தோசமா இருக்கட்டும்."