தண்ணீர் குடிக்காத சட்டை

பேனாவுக்கு மை விடும் ஃபில்லரால் பக்கத்து வகுப்பு டீச்சர் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். பருத்தித் துண்டில் அது பட்டதும் பரவி மறையும்; குடைத்துணியில் மணியாக நின்று, சாய்த்தால் உருண்டோடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து படுத்துப் பார்ப்பார்கள். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் நானும் அந்த டீச்சரும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நடுவே ஆளுயரத் தட்டிதான் மறைப்பு. என் பிள்ளைகள் அதன் ஓரமாக எட்டிப் பார்ப்பார்கள், நானும்தான்.

இருவரும் விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கித் தாளாளர் தன் பீரோவில் பூட்டிவிட்டார். வேறு இடம் போக நினைத்தாலும் அவர் மனம் வைத்தால்தான் உண்டு.

ஜூன் மாதப் புழுக்கத்தில் ஒருநாள், ஒரு சிறுமி தன் புதுச் சீருடையின் மேலேயே சொட்டு விட்டாள். அது ஊறாமல் நின்றது. "மிஸ், என் சட்ட தண்ணி குடிக்கல. அதான் வேர்வ ஒட்டிக்கினு அரிக்குது" என்றாள். டீச்சர் சிரித்து, "கரெக்டா கண்டுபுடிச்சிட்ட" என்றார்.

அடுத்த வாரம் பெற்றோர் சிலர் பருத்திச் சீருடை கேட்டு வந்தார்கள். சீருடை பள்ளியில்தான் வாங்க வேண்டும். தாளாளர் டீச்சரைக் கூப்பிட்டார்; என்னையும் உடன் நிற்கச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "பசங்க வூட்ல போயி யூனிஃபார்மக் கொற சொல்லிக்கினு இருக்குதுங்க. தப்பா சொல்லிட்டேன்னு நீங்களே கிளாஸ்ல சொல்லிடுங்க டீச்சர்."

மறுநாள் டீச்சர் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "எல்லாத் துணியும் ஒண்ணுதான், கண்ணுங்களா."

"இல்ல மிஸ், நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள் அந்தச் சிறுமி.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சர், "நீ சொன்னதுதான் சரி. நான் பொய் சொல்லிட்டேன்" என்றார்.

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. சான்றிதழுக்காக ஒரு வருடம் அலைந்தார். இப்போது விழுப்புரத்தை அடுத்த காணையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. "சொன்னாங்களா?" என்று தாளாளர் கேட்டபோது, நடந்ததை அப்படியே ஒப்பித்தவள் நான்தான்.

இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு எனக்கு. துணிப் பாடத்தைப் புத்தகம் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். "தண்ணி ஊத்திப் பாக்கலாமா மிஸ்?" என்றது ஒரு குழந்தை. தட்டிக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த டீச்சரின் பாடச் சத்தம் சட்டென்று நின்றது.

"புக்குல இருக்கறத எழுதுங்க" என்றேன்.