விழ மறுத்த இரண்டு பேர்

விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். முழுப்படம் வேண்டாம், ஒரு படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்து வரவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எந்தத் தொடக்கத்தைப் பார்த்து "அப்புறம் என்ன?" என்று வகுப்பு கேட்கிறதோ, அந்தக் குழு இறுதியாண்டில் கல்லூரிக் கேமராவை வைத்து அதை முழுசாக எடுக்கலாம். மற்றவர்கள் எல்லாம் அந்தக் குழுவுக்கு உதவியாளர்கள்.

நான் உதவியாளராக இருக்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அம்மா காசிமேட்டில் மீன் வெட்டுகிறவள். ஏலத்தில் மீன் வாங்குகிறவர்கள் அவள் முன்னால் கூடையை வைத்தால் செதில் நீக்கி, ஆய்ந்து, துண்டு போட்டுத் தருவாள். கல்லூரியில் நான் வாயைத் திறந்தால் சிலர் "இன்னாமே" என்று என் பேச்சை எனக்கே பேசிக் காட்டுவார்கள். நானும் சளைக்காமல் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பேசுவேன். ஆசிரியர் என்ன கதை என்று கேட்டதும் எழுந்து நின்று, "குத்துச்சண்டை சார். எங்க ஏரியா" என்றேன்.

ஏரியா எங்களுடையதுதான். ஆனால் குத்துச்சண்டையை நான் பார்த்தது கிடையாது. சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் முஷ்டியை மடக்கிக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் போட்டோ எடுத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

என் குழுவில் இன்னொருத்தி உண்டு. அடையாறுக்காரி, கேமரா அவள் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரு வாரம் சி.டி. வாடகைக்கு எடுத்து வெளிநாட்டுக் குத்துச்சண்டைப் படங்களின் தொடக்கங்களை மட்டும் பார்த்தோம். பார்க்கப் பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. விடியற்காலையில் ஒருவன் தனியாகச் சாலையில் ஓடுகிறான். வாயிலிருந்து ஆவி வருகிறது. பிறகு மேடை, ஒரு குத்து, மெதுவாக விழுகிற உடம்பு, தரையில் ஒட்டிய கன்னம், படத்தின் பெயர். நாங்களும் அதையே எழுதினோம். எங்கள் நாயகன் எண்ணூர் சாலையில் ஓடுவான், மேடை ஏறுவான், விழுவான். விழுந்தவன் எப்படி எழுந்தான் என்பது மீதிக் கதை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன். இறால் உரித்துக்கொண்டே கேட்டவள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள்.

"காலங்காத்தால எண்ணூர் ரோட்ல ஒருத்தன் ஓட்றானா? ஏம்மே, கண்டெய்னர் லாரி தூக்கிகினு பூடும் அவன. வாயிலேர்ந்து ஆவி வேற வருதாமா? இன்னா, இட்லிப் பானையா அவன்?"

அன்றைக்கே அந்த ஷாட்டைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அப்படியென்றால் இங்கே இருப்பவர்கள் எங்கே ஓடுகிறார்கள்? எப்போது ஓடுகிறார்கள்? மேடையை எதை வைத்துக் கட்டுகிறார்கள்? கேள்வி ஒன்று வந்ததும் பின்னாலேயே பத்து வந்தன. நைனாவோடு கிடங்கில் வேலை செய்யும் ஒருவர் சாயங்காலங்களில் குத்துச்சண்டை வாத்தியாராக இருக்கிறார் என்று அப்போதுதான் வீட்டில் சொன்னார்கள். இத்தனை வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ ஏன் கேக்கல?" என்றார் நைனா.

கிடங்குகளின் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மூன்று பக்கம்தான் சுவர். கித்தான் மூட்டையில் மரத்தூளும் கந்தலும் அடைத்துக் கூரைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். மேடையைச் சுற்றிக் கப்பல் கட்டும் கயிறு, அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றியிருந்தது, உரசினால் முதுகு கிழியாமல் இருக்க. மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனதும் மூட்டையைக் குத்துகிற சத்தம் நின்றுவிட்டது.

"இன்னா பாப்பா, வழி தெரியலியா?" என்றார் வாத்தியார்.

"வழி தெரிஞ்சிதான் வந்தேன் வாத்தியாரே. உங்க கூட மூட்ட தூக்குறவர் பொண்ணு. படம் எடுக்கணும்."

"உங்க நைனா சொன்னான். காலேஜு படிக்குதுன்னு கெடங்கு பூரா தம்பட்டம் அடிச்சிகினு கீறான். எடு, எடு. ஆனா கேள்வி கேட்டுகினே இருக்காத, பசங்க கவனம் பூடும்."

நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கண்புருவத்தில் எதற்கு வாசலின் தடவுகிறார்கள்? குத்து வழுக்கிப் போக, தோல் கிழியாமல் இருக்க. கையில் ஏன் முதலில் துணி சுற்றுகிறார்கள்? விரல் எலும்பு உடையாமல் இருக்க. எங்கே ஓடுகிறார்கள்? கடலோரக் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில், கல்லுக்குக் கல் தாவி. அதைக் கேட்டதும் தோழி என் கையைக் கிள்ளினாள். எந்த சி.டி.யிலும் அப்படி ஓடி நாங்கள் பார்க்கவில்லை.

அங்கே பயிற்சி செய்பவர்களில் இருவரைத் தேர்ந்தெடுத்தேன். நாயகன் லேத் பட்டறையில் வேலை செய்பவர், கொஞ்சம் ஒல்லி, கண்ணில் ஒரு பிடிவாதம். எதிராளியாக அதே கொட்டகையில் இருந்த இன்னொருவர். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒத்திகைக்கு வந்தார்கள். மேடையில் எதிரெதிரே நிறுத்தி, "இப்ப குத்துங்க" என்றேன். இருவரும் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள்.

"இவன எப்டி குத்தறது?" என்றார் லேத் பட்டறைக்காரர்.

"தெனமும் குத்திகினுதான கீறீங்க?"

"அது பழக்கம். இது மேட. ஒரே பரம்பரைக்காரங்க மேடையில மோத மாட்டோம் தங்கச்சி."

இந்தப் பரம்பரை ரத்த சம்பந்தம் இல்லை. ஒரே வாத்தியார் வழியில், ஒரே கொட்டகையில் கற்றவர்கள் ஒரு பரம்பரை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒன்று உண்டு. ஊர் பார்க்க ஒரு பரம்பரைக்காரர் இன்னொரு பரம்பரைக்காரரோடுதான் மோதுவார். நான் விடவில்லை. "ஊர் எங்க இருக்கு? கேமராதான இருக்கு?" என்றேன்.

"கேமராவப் பாக்கறதெல்லாம் ஜனங்கதான?" என்று அவர் கேட்டார். எங்களுக்குப் படிப்பு முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆகவே வேறு பரம்பரையில் ஆள் தேடினோம். வாத்தியாரே ராயபுரத்துக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவர் ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்பவர், பெரிய தோள், சின்னக் குரல். இரண்டு பேரும் பார்த்த உடனே நெஞ்சை நிமிர்த்தினார்கள். சரியாகிவிட்டது என்று நினைத்துக் கதையை வாசித்தேன். முதல் ரவுண்டில் லேத் பட்டறைக்காரர் விழுகிறார் என்ற வரி வந்ததும் அவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அண்ணே, நடிப்புதான்."

"நடிப்போ கிடிப்போ. நா வுய மாட்டேன்."

சரி, மாற்றிவிடலாம் என்று ஐஸ் ஃபாக்டரிக்காரரைப் பார்த்தேன். சின்னக் குரலில், "நா இன்னாத்துக்குமா வுயணும்?" என்றார். அவரோடு வந்த ராயபுரத்து ஆட்கள் சுவர் ஓரம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கேமராவைக் கல்லூரி ஒரு சனிக்கிழமை மட்டும்தான் தரும். அதற்கு இரண்டு நாள் இருந்தது. யாராவது விழாவிட்டால் எங்களுக்குத் தொடக்கமே இல்லை. தோழி பொறுமை இழந்து, "நான் வேணா ஷார்ட்ஸ் போட்டுட்டு விழட்டுமா?" என்றாள்.

"நீ வுயுந்தா சிரிப்புப் படம் ஆயிடும்மா" என்றார் வாத்தியார். அவள் உட்பட எல்லோரும் சிரித்தோம். லேத் பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே டீக்கடையில் அவரிடம் தனியாகக் கேட்டேன். எனக்கு உண்மையாகவே புரியவில்லை. தினமும் அடி வாங்குகிற மனிதருக்குப் பொய்யாக விழுவதில் என்ன கஷ்டம்?

அவர் கிளாசைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்னால், அவர் அப்பா ஒரு மேடையில் முதல் ரவுண்டிலேயே விழுந்தாராம். "அதுக்கு மின்னாடி எத்தினியோ பேர சாச்சிகீறாரு. அத்த எவனும் பேச மாட்டான். இப்பவும் இந்தக் கடையில ஒக்காந்தா எதுனா ஒரு கெய்வன் கேப்பான், யாரு பையன்டா நீன்னு. சொன்னா, ஓ, வுயுந்தவன் பையனான்னுவான். அன்னிக்கி கேமராகூட கெடையாது தங்கச்சி. வாயாலயே இத்தினி வருசம் ஓட்டிகினு கீறாங்க. நீ டேப்புல புடிச்சி வெச்சா?"

கல்லூரியில் "இன்னாமே" என்று சொல்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒரு தடவை காதில் விழுந்ததை வைத்து ஒருவரை ஒரேயடியாக எடைபோட்டு முடித்துவிடுகிறவர்கள். நான் எழுதி வைத்திருந்த ஷாட்டும் அதைத்தான் செய்தது. இந்த மனிதரைப் பற்றி எங்கள் படம் சொல்கிற முதல் செய்தி, அவர் விழுந்தார் என்பது.

அடுத்த நாள் பழக்கம், அதாவது பயிற்சி, நடக்கும்போது எதையும் கேட்காமல் மூலையில் உட்கார்ந்தேன். ராயபுரத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். கையுறை மாட்டிய பிறகு, லேத் பட்டறைக்காரர் தன் கைகளை ராயபுரத்துக்காரர் ஒருவரிடம் நீட்டினார். அந்த ஆள் இரண்டு கையுறைகளையும் மாவு பிசைகிற மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதும் மறைத்திருக்கிறதா என்று சோதனை. இங்கிருந்து ஒருவர் போய் ஐஸ் ஃபாக்டரிக்காரரின் கையுறையை அழுத்தினார். அந்த நேரத்தில் ஒருவரும் பேசவில்லை. சந்தேகப்படுகிறவனிடமே கையைக் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி நிற்கிறார்கள். குத்தைவிட இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கல்லுக்குக் கல் தாவும் கால், கையில் சுற்றும் துணி, புருவத்தில் வாசலின், எதிராளியிடம் நீட்டிய கை. இவற்றை வரிசையாக வைத்தாலே எங்கள் இரண்டு நிமிடம் முடிந்துவிடும். தொடக்கம்தானே கேட்டார்கள்?

வாத்தியாரிடம் போய், "மணி அடிச்சதும் படம் முடிஞ்சிடும். யாரும் விழ வேணாம்" என்றேன்.

"மணி அடிச்சப்பறம் மிஷினு ஓடாதே?"

"ஓடாது."

"அப்பறம் எதுனா புடிச்சிட்டு, ஆசப்பட்டு சேத்துட்டேன்னு வந்து நிக்கக் கூடாது."

"என் பேர் போடற படம் வாத்தியாரே. சொன்னா சொன்னதுதான்."

சனிக்கிழமை காலை கருங்கல்லில் ஓட்டத்தை எடுத்தோம். தோழி செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு கொட்டகைக்கு வந்தாள். மதியத்துக்குள் துணி, வாசலின் எல்லாம் முடிந்தது. கேமரா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேட்டை ஆட்களும் எதிரே இருந்த கிடங்கு மதில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கையுறைச் சோதனையை எடுக்கும்போது அவர்களும் அமைதியாகிவிட்டார்கள், நாங்கள் கேட்டுக்கொள்ளவேயில்லை. இரண்டு பேரும் மேடையின் நடுவே வந்தார்கள். வாத்தியார் தண்டவாளத் துண்டை அடித்தார். நான் "கட்" என்றேன். தோழி நிறுத்தினாள்.

அவர்கள் நிறுத்தவில்லை.

எப்படி நிறுத்துவார்கள்? கையுறை மாட்டியாகிவிட்டது, சோதனை முடிந்தது, மணி அடித்தாயிற்று, எதிரே வேறு பரம்பரை, மதில் மேல் ஊர். லேத் பட்டறைக்காரரின் இடது கை முன்னே பாய்ந்தது. அடுத்த நொடி மதில் மேல் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து கத்தினார்கள். நான் அதுவரை பழக்கத்தைத்தான் பார்த்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. கால்கள் மணலில் நண்டு ஓடுகிற மாதிரி பக்கவாட்டில் ஓடின. குத்து விழுகிற சத்தத்தைவிட அது தவறிப்போகும்போது மூக்கால் விடுகிற மூச்சு பெரிதாகக் கேட்டது.

தோழி கேமராவைத் தூக்கினாள். நான் உள்ளங்கையால் லென்ஸை மூடினேன்.

"கைய எடுடி! இது மறுபடி கிடைக்காது. இதான்டி படம்!"

"சொல்லிட்டேன்."

"யாருக்குத் தெரியப்போகுது? வெச்சுக்கலாம், போட வேணாம்."

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. என் விரல் இடுக்கு வழியாக, பதிவாவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எரியவில்லை. கையை எடுக்கவுமில்லை. அப்படி நின்றபடியே முழு ரவுண்டையும் பார்த்தேன். ஒருவர் விழுந்தார், எழுந்தார். வாத்தியார் மறுபடி தண்டவாளத்தை அடித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். லேத் பட்டறைக்காரர் நேராக என்னிடம் வந்து, கேமராவின் மேல் இருந்த என் கையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

கல்லூரியில் போட்டுக் காட்டியபோது திரை மணிச் சத்தத்தோடு கறுப்பானது. பிறகு பின்வரிசையிலிருந்து, என் பேச்சைப் பேசிக் காட்டுகிற அதே குரல்களில் ஒன்று, "அப்புறம்?" என்றது. ஆசிரியர் என் பக்கம் திரும்பி, மீதி டேப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பாமல் ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கேமரா எங்கள் குழுவுக்குக் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் மட்டும் கேமராவைக் கேட்டு வாங்கி, டீக்கடை டி.வி.யில் இணைத்துக் கொட்டகைக்காரர்களுக்கும் போட்டோம். லேத் பட்டறைக்காரர் மணி வரை பார்த்தார். கறுப்புத் திரையையும் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடு தங்கச்சி."

போட்டோம். மறுபடி மணியோடு நின்றது.

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான்ணே."

"டீ சொல்லுபா இவங்களுக்கு" என்றார் கடைக்காரரைப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். காசிமேடு வரைக்கும் பேச்சு வந்திருந்தது. "அன்னிக்கி நெசமாவே மோதிகினாங்களாமே. யாரு வுயுந்தான்?"

"அது படத்துல இல்லமா."

"படத்தயா கேட்டேன்? உன்ன கேக்கறேன்மே, நீ பாத்த இல்ல?"

"கொழம்பு ஊத்து" என்றேன்.